மயிலைக் கல்லறையும் பரங்கிமலைக் கல்வெட்டும்

நம் புறநகர் இரயில் நிலையங்களின் சுவர்களில் அவ்வப்போது ஓர் அறிவிப்புத்தாள் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அடையாளம் தெரியாத ஆண் பிணம், வயது சுமார் ஐம்பது, மாநிறம், கட்டம் போட்ட லுங்கி, வலது முழங்காலில் பழைய தழும்பு, விவரம் தெரிந்தவர்கள் இருப்புப்பாதைக் காவல் நிலையத்திற்குத் தெரிவிக்கவும். மேலே தெளிவற்ற ஒரு படம். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கியது முதல் இந்தத் தண்டவாளங்களைக் கடந்து வாழ்ந்த நம் ஊர்களுக்கு இத்தகைய அறிவிப்புகள் புதியன அல்ல. வண்டிக்குக் காத்திருப்பவர்களில் சிலர் நின்று படிப்பார்கள். பலர் பார்வையை விலக்கிக்கொள்வார்கள். சில நாட்களில் வெயிலில் படம் வெளிறிவிடும். பின்னர் அதன் மேலேயே வேறொரு தாள் ஒட்டப்படும்.

அந்தத் தாளில் எல்லாம் இருக்கும். உடுத்தியிருந்த உடை, சட்டைப்பையில் கிடந்த பொருள்கள், உடலில் இருந்த தழும்பு, மச்சம் எல்லாம் இருக்கும். பெயர் ஒன்றுதான் இராது.

தாம்பரத்திலிருந்து வடக்கே செல்லும் வண்டியில் ஏறினால் ஏழாவது நிலையம் பரங்கிமலை. அங்கிருந்து கிழக்கே சில மைல் தொலைவில் மயிலாப்பூர்க் கடற்கரை. அந்த மலைக்கும் அந்தக் கடற்கரைக்கும் இடையே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாக இத்தகைய விசாரணை ஒன்று நடந்துவருகிறது. அதை நடத்தியவர்கள் காவல்துறையினர் அல்லர். வணிகர்கள், மாலுமிகள், குருக்கள், ஒரு நீதிபதி, ஓர் ஆயர், எழுத்துகளை ஆராய்வதில் இன்பம் கண்ட சில அறிஞர்கள் என்று யார் யாரோ தாமாகவே முன்வந்து துப்புத் துலக்க முயன்றார்கள். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: மயிலையில் கண்டெடுக்கப்பட்ட எலும்புகள் யாருடையவை?

வழியில் மூன்றாவது நிலையமான பல்லாவரத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். 1863-ஆம் ஆண்டு மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலார், இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகிற்கு அறிவித்த கற்கருவியை எடுத்தது இங்கேதான். அதே பல்லாவரத்துக் குன்றுப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாந்தர் ரீ கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டி எடுத்தார். நம் வீடுகளுக்கு அடியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதர்கள் உறங்குகிறார்கள். அவர்கள் யாரென்று எவரும் கேட்டதில்லை. பேழையின் வடிவத்தை அளந்தோம், மண்ணின் தன்மையை ஆராய்ந்தோம், அருங்காட்சியகத்தில் வைத்தோம். பெயரைத் தேடாததற்குக் காரணம், அவர்களுக்காகக் காத்திருக்கும் பெயர் எதுவும் நம்மிடம் இல்லை. மயிலையின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே பெயர் முன்னரே காத்திருந்தது, உடலைத்தான் தேடினார்கள். துப்புத் துலக்குவோருக்கு இதைவிட ஆபத்தான நிலை வேறில்லை.

அந்தப் பெயருக்கு உரியவரோ அடையாளம் கேட்டதற்காகவே உலகெங்கும் நினைக்கப்படுபவர். உயிர்த்த ஆண்டவரைக் கண்டோம் என்று பத்துப் பேர் சொல்லியும், ஆணித் தழும்பையும் விலாக் காயத்தையும் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்று சொன்னவர் திருத்தூதர் தோமையார். இரயில் நிலையத்து அறிவிப்பில் அங்க அடையாளங்கள் என்று எழுதுகிறோமே, அதைத்தான் அவர் கேட்டார். நாம் அவரைச் சந்தேகத் தோமா என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கென்னவோ அது அவ்வளவு நியாயமாகத் தோன்றவில்லை. அவரைப் போலக் கேட்டவர்கள் மயிலையில் இன்னும் சிலர் இருந்திருந்தால் நம் வரலாறு தெளிவாக இருந்திருக்கும்.

போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே அந்தக் கல்லறையைப் பற்றி உலகிற்குத் தெரிந்திருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமையாரின் உடல் மாபார் நாட்டில் ஒரு சிற்றூரில் இருப்பதாக எழுதினார். ஊரின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. வணிகர்கள் அதிகம் செல்லாத ஊர் அது என்றும், கிறிஸ்தவர்களும் இஸ்லாமியரும் அங்கே திருப்பயணம் செல்கிறார்கள் என்றும், அவ்விடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்றும் அவர் சொல்கிறார். தோமையார் இறந்த விதத்தைப் பற்றி அவர் கேட்ட கதை நாம் கேட்டு வளர்ந்த கதை அன்று. மயில்கள் சூழ அவர் செபித்துக்கொண்டிருந்தபோது, மயில் வேட்டைக்கு வந்த ஒருவனுடைய அம்பு தவறிப் பாய்ந்து அவர் இறந்தார் என்பது அந்தக் கதை. 15-ஆம் நூற்றாண்டில் வந்த நிக்கோலோ தெ கோந்தி ஊரின் பெயரையும் சொல்கிறார். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பார்போசா, பாழடைந்த அந்தக் கோயிலை ஓர் ஏழை இஸ்லாமியர் காத்துவந்ததையும், விளக்கெரிக்க எண்ணெய்க்காக அவர் வருவோரிடம் இரந்து நின்றதையும் பதிவுசெய்திருக்கிறார். கிறிஸ்தவர்கள் அருகிப்போன காலத்தில் திருத்தூதரின் கல்லறையில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர் அவர். அவருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

1517-ஆம் ஆண்டு, மலாக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த தியோகோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துக்கீசியர் பழவேற்காட்டில் கரையிறங்கினார். உடன் பயணம் செய்த ஆர்மீனிய வணிகர்கள், பக்கத்தில்தான் தோமையாரின் வீடு இருக்கிறது, வா, காட்டுகிறோம் என்று அழைத்தார்கள். கீழைக் கடல்களில் நெடுங்காலமாக வணிகம் செய்த ஆர்மீனியருக்கு அந்த வழி பழக்கமானது. (பரங்கிமலைக்கு இன்று நாம் ஏறும் படிகளை 18-ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தவரும் ஓர் ஆர்மீனியரே: கோஜா பெத்ருஸ் உஸ்கான். 1726-இல் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தை அமைத்தவரும் அவரே.) தியோகோ அங்கே கண்டது இடிந்து கிடந்த ஒரு பழைய கோயில். ஒரு சிற்றாலயம் மட்டும் நின்றது. சுவர்களில் சிலுவைகள் செதுக்கப்பட்டிருந்தன. இதுதான் திருத்தூதரின் கல்லறை என்று உடன் வந்தவர்கள் காட்டினார்கள். ஊராரும் அவ்வாறே சொன்னார்கள்.

செய்தி கோவாவுக்குச் சென்றது. ஆளுநர் துவார்த்தே தெ மெனேசஸின் காலத்தில் சோழமண்டலக் கரைக்குப் பொறுப்பாக வந்த மனுவேல் தெ பிரியாஸ், கோயிலைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அல்வாரோ பெந்தியாதோ என்ற குரு அப்பணியை முன்னின்று நடத்தினார். 1523-ஆம் ஆண்டு ஜூலையில், பழுதுபார்க்கும் வேலையோடு வேலையாகக் கல்லறையும் தோண்டப்பட்டது. அவர்களில் யாருக்கும் அகழ்வாய்வு தெரியாது. அப்படி ஒரு கலையே அன்று உலகில் இல்லை. தோண்டுமாறு குருவானவர் கேட்டபோது தாம் தயங்கியதாகவும், பாவசங்கீர்த்தனம் செய்த பின்னரே அப்பணியில் இறங்கியதாகவும் தியோகோ பெர்னாந்தஸ் பின்னாளில் சொன்னார். அந்தத் தயக்கத்திற்காகவே அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு.

மண்ணும், செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டுமான அடுக்குகளும் மாறிமாறி வந்தன. ஆழத்தில் ஒரு குழி. அதில் சுண்ணாம்பும் மணலும் கலந்த படுக்கையின்மேல் மண்டையோட்டுப் பகுதிகளும் விலா எலும்புகளும் பிற எலும்புகளும் கிடந்தன. கூடவே ஓர் இரும்பு ஈட்டிமுனை இருந்தது. அதில் மரக்காம்பின் ஒரு துண்டும் ஒட்டியிருந்தது. காலடியில் மண் நிரம்பிய ஒரு மட்கலம் இருந்தது. அருகே வேறு எலும்புகளும் கிடைத்தன. அவற்றில் ஒரு தொகுதி, தோமையாரால் மனந்திரும்பிய அரசனுடையது என்று அவ்வூர் மக்கள் சொன்னார்கள்.

இங்கே சற்று நிற்போம். ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். எழுத்தில் தோமையார் என்ற பெயர் பொறித்த கல் எதுவும் அந்த எலும்புகளோடு கிடைக்கவில்லை. அப்படியிருக்க, இன்னார் அரசர், இன்னார் திருத்தூதர் என்று அவர்கள் எதைக் கொண்டு முடிவுசெய்தார்கள்? ஈட்டிமுனையையும் மட்கலத்தையும் கொண்டுதான். ஈட்டியால் குத்துண்டு மறைசாட்சியாக இறந்தவர் என்ற மரபு அவர்கள் மனத்தில் இருந்தது. ஈட்டிமுனை கிடைத்தவுடன் வேறு கேள்வி எழவில்லை. மட்கலத்து மண் மறைசாட்சியின் குருதி தோய்ந்த மண் என்றும் கொள்ளப்பட்டது. எலும்புகள் பேழையில் வைத்துப் பூட்டப்பட்டன. செய்தி கோவாவுக்கும் லிஸ்பனுக்கும் போயிற்று.

பத்தாண்டுகள் கழித்து, 1533-இல், ஆளுநர் நூனோ த குன்ஹாவின் காலத்தில் முறையான விசாரணை ஒன்று நடந்தது. சோழமண்டலக் கரையின் தலைவராயிருந்த மிகேல் ஃபெர்ரெய்ரா சாட்சிகளை அழைத்து வாக்குமூலம் பெற்றார். தியோகோ பெர்னாந்தஸும் சாட்சி சொன்னார். கண்டது எது, கேட்டது எது என்று பிரித்தறிய நமக்கு உதவும் ஆவணம் இதுவே. கண்டது: எலும்புகள், இரும்பு, மட்கலம், செங்கல் அடுக்கு. கேட்டது: பெயர். இந்த இரண்டையும் அந்தச் சாட்சிகள் மறைக்காமல் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவற்றை ஒன்றாக்கி, கல்லறையே பேசிற்று என்று எழுதியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

ஐரோப்பாவில் இச்செய்தியைக் கேட்டவர்களுக்கு உடனே ஒரு சிக்கல் எழுந்தது. தோமையாரின் உடல் ஏற்கெனவே வேறோர் இடத்தில் இருக்கிறதே! சிரிய மொழியில் 3-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட தோமாவின் பணிகள் என்ற நூல், அவர் நான்கு வீரர்களின் ஈட்டிகளால் கொல்லப்பட்டு, பண்டைய அரசர்களின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டதாகச் சொல்லிவிட்டு, பின்னர் சகோதரர் ஒருவர் எலும்புகளை மேற்கு நாட்டிற்கு எடுத்துச் சென்றுவிட்டார் என்கிறது. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்ற திருப்பயணப் பெண்மணி எதேசா நகருக்குச் சென்று அங்கிருந்த தோமையாரின் ஆலயத்தில் செபித்தார். அந்தத் திருப்பண்டங்கள் பின்னர் கியோஸ் தீவுக்குச் சென்று, 1258-இல் அங்கிருந்து இத்தாலியின் ஒர்த்தோனா நகரை அடைந்தன. இன்றும் அங்கே வணக்கம் பெறுகின்றன. 1953-இல் கர்தினால் திஸ்ஸராந்து கொடுங்கல்லூருக்குக் கொண்டுவந்த கை எலும்பு ஒர்த்தோனாவிலிருந்தே வந்தது. அப்படியானால் மயிலையில் 1523-இல் கிடைத்தவர் யார்?

அடுத்து, துப்பறிவோர் செய்வதுபோல ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்க்கலாம்.

ஈட்டிமுனையை முதலில் பார்ப்போம். அது மார்க்கோ போலோ கேட்ட மயில்வேட்டைக் கதைக்குப் பொருந்தாது; சிரிய நூலின் கதைக்குப் பொருந்தும். தோண்டியவர்கள் சிரிய நூலைப் படித்தவர்கள் அல்லர் என்றாலும், ஈட்டியால் இறந்தார் என்ற மரபு பல வழிகளில் அவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆயினும் இன்னொன்றையும் நினைக்கவேண்டும். தென்னாட்டுப் பெருங்கற்கால ஈமக்குழிகளில் இரும்புக் கருவிகளும் மட்கலங்களும் பிணத்தோடு வைக்கப்படுவது பெருவழக்கு. பல்லாவரத்திலிருந்து ஆதிச்சநல்லூர் வரை இதைக் காண்கிறோம். இரும்பும் மட்கலமும் சேர்ந்து கிடைத்ததனால் மட்டும் அது மறைசாட்சியின் கல்லறை ஆகிவிடாது. இதை நம்மவர் எழுதிய நூல்கள் பெரும்பாலும் பேசாமல் கடந்துவிடுகின்றன. பேசினால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது செங்கல். கல்லறைச் சுவரின் செங்கற்கள் அரிக்கமேட்டில் கிடைத்த முதல் நூற்றாண்டுச் செங்கற்களை ஒத்தவை என்று சிலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் செங்கல் சுவரின் வயதைச் சொல்லுமேயன்றி, அதற்குள் கிடந்தவரின் பெயரைச் சொல்லாது.

மூன்றாவதாக, மண். எனக்கு எல்லாவற்றிலும் சிறந்த தடயமாகத் தோன்றுவது இதுதான். எலும்புகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று சொல்லும் அதே சிரிய நூலில், அரசன் தன் நோயுற்ற மகனுக்காகக் கல்லறையைத் திறந்து, எலும்பு இல்லாமையால் அங்கிருந்த மண்ணை எடுத்துச் சென்றான் என்றும், மகன் குணமடைந்தான் என்றும் வருகிறது. அது 3-ஆம் நூற்றாண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மார்க்கோ போலோ, திருப்பயணிகள் அவ்விடத்து மண்ணை எடுத்துச் சென்று நோயாளிகளுக்குக் கொடுப்பதாக எழுதுகிறார். 1523-இல் காலடியில் மண் நிரம்பிய கலம் கிடைக்கிறது. அதற்குப் பின்னும் சாந்தோமில் கல்லறை மண் பக்தியோடு பெறப்பட்டது. எதேசாவில் எழுதப்பட்ட கதைக்கும் மயிலைக் கடற்கரையின் வழக்கத்திற்கும் இடையே இந்த ஒரு பிடி மண்ணின் தொடர்பு எப்படி வந்தது? கதையைக் கேட்டு வழக்கம் தோன்றியதா, வழக்கத்தைக் கேள்விப்பட்டுக் கதை எழுதப்பட்டதா என்று அறுதியிட முடியாது. எப்படியாயினும், தோமையாரின் கல்லறை என்று இந்தியாவில் மயிலையைத் தவிர வேறெந்த இடமும் உரிமை கொண்டாடியதில்லை. இடத்தைப் பற்றிய மரபு வலுவானது. உடலைப் பற்றிய சான்று அவ்வளவு வலுவானது அன்று. இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஒருவர் திருச்சூரின் ஆயராயிருந்த மெட்லிகாட். 1905-இல் வெளிவந்த தம் நூலில், எலும்புகள் எதேசாவுக்குச் சென்றதையும் மயிலைக் கல்லறை உண்மையானது என்பதையும் அவர் ஒருசேர ஏற்றார். ஆயராயிருந்தும், தம் மக்கள் விரும்பியிருக்கக்கூடியதை அப்படியே எழுதிவிடவில்லை.

பொருள்களை வைத்து மனிதரைக் கண்டுபிடிப்பதில் உள்ள இடர்ப்பாட்டிற்கு நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1948 டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்கு அருகே சோமர்ட்டன் கடற்கரையில், நன்கு உடுத்திய ஓர் ஆணின் உடல் கிடந்தது. பெயர் இல்லை, உடைகளின் அடையாளச் சீட்டுகள் நீக்கப்பட்டிருந்தன. கால்சட்டைப் பையில் மறைவாக ஒரு துண்டுக் காகிதம். அதில் உமர் கய்யாமின் பாடல் நூலொன்றின் இறுதியில் வரும், முடிந்தது என்று பொருள்படும் பாரசீகச் சொற்கள். அவ்வளவுதான். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஊர் ஊராக மக்கள் துப்புத் துலக்கினார்கள். ஒற்றன் என்றார்கள், காதலில் தோற்றவன் என்றார்கள். 2022-இல் அடிலெய்டுப் பேராசிரியர் தெரெக் அபாட்டும் அமெரிக்க மரபுவழி ஆய்வாளர் கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும், அவருடைய முடியிலிருந்து எடுத்த மரபணுவைக் குடும்ப வரலாறுகளோடு ஒப்பிட்டு, அவர் மெல்போர்னைச் சேர்ந்த கார்ல் வெப் என்று அறிவித்தார்கள். மின்கருவிகள் தொடர்பான வேலை பார்த்த ஒரு சாதாரண மனிதர். காகிதத் துண்டு கட்டிய கதை பெரிது. மனிதர் அதைவிட எளியவர்.

மயிலைக்கு இந்த வழி உதவுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒப்பிடத் தோமையாரின் உறவினர் எவரையும் நாம் அறியோம். சாந்தோமில் காக்கப்படும் எலும்புத் துண்டும் ஒர்த்தோனாவின் எலும்புகளும் ஒரே உடலுக்குரியனவா என்று வேண்டுமானால் மரபணு சொல்லக்கூடும். ஒரே உடல் என்றாலும், அந்த உடலின் பெயரை அது சொல்லாது.

இனிப் பரங்கிமலைக்கு வருவோம். 1547-இல் மலையுச்சியில் ஆலயம் எழுப்ப அடித்தளம் தோண்டியபோது, சிலுவை செதுக்கிய ஒரு கற்பலகை கிடைத்தது. சிலுவையின்மேல் இறங்கிவரும் புறா, இருபுறமும் தூண்கள், சுற்றி வளைவாக யாருக்கும் விளங்காத ஒரு வரி எழுத்து. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நேரத்தில் அதில் குருதி கசிந்தது என்பது நம் முன்னோரின் சாட்சியம். இன்றும் அந்நாளில் அங்கே திருவிழா. அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று அறிய போர்த்துக்கீசியர் துடித்தார்கள். கற்றறிந்த பிராமணர் ஒருவரை அழைத்துவந்தார்கள். அவர் படித்துச் சொன்னது, தோமையார் இறைமகனால் அனுப்பப்பட்டு இந்நாட்டிற்கு வந்ததையும், கோயில் எழுப்பியதையும், கொல்லப்பட்டதையும் கூறும் நீண்டதொரு வரலாறு. அந்தச் சிறு வளைவில் உள்ள எழுத்துகளுக்குள் அவ்வளவு செய்தி அடங்குமா என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கேட்டவர்கள் கேட்க விரும்பியதை அவர் சொன்னார். அவர்மீது நான் பழி சொல்லமாட்டேன். அவரைச் சூழ்ந்து நின்ற முகங்களை நினைத்துப் பார்க்கிறேன்.

முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வாசிப்பே நிலைத்தது. 1873-இல் சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த நீதிபதி ஆர்தர் கோக் பர்னெல், தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர், அந்த எழுத்து பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்து என்று கண்டறிந்தார். தோமையார் இங்கு வந்தார் என்ற மரபையே ஏற்காதவர் அவர். ஆயினும் அந்தக் கல் எம்மொழியில் பேசுகிறது என்பதை நமக்குக் காட்டியவர் அவரே. பொருளைப் பொறுத்தவரை அவரும், அவருக்குப் பின் வந்த ஹாக், வெஸ்ட் ஆகியோரும் வெவ்வேறாகப் படித்தார்கள். எல்லாரும் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய ஓர் இறையியல் வாசகத்தையே அதில் கண்டார்கள். 1920-களில் வின்க்வொர்த் என்ற ஆங்கில அறிஞர் முற்றிலும் புதிய வாசிப்பு ஒன்றைத் தந்தார். இறையியலும் இல்லை, வரலாறும் இல்லை. ஆண்டவராகிய கிறிஸ்து, இதைச் செதுக்கிய சகார்புக்தின் மகன் அஃப்ராஸ்மீது இரங்கவேண்டும் என்ற ஒரு வேண்டுதல் மட்டுமே. அறிஞர் பலர் இவ்வழியையே பின்பற்றினர். முதற்பெயரைப் பின்வந்தவர்கள் வேறு விதமாகவும் படித்தார்கள்: ஒருவர் கபிரியேல் என்றார், 2002-இல் வெளியான ஆய்வு சப்ரிசோ என்கிறது. தந்தையின் பெயர் சகார்புக்த் என்பதில் இவர்கள் ஒத்துப்போகிறார்கள். காலம் 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டு என்பது பர்னெலின் கணிப்பு.

தோமையாரின் இறப்புப் பதிவு என்று நாம் கருதியிருந்த கல், கடல் கடந்து வந்த யாரோ ஒரு பொதுநிலையினரின் மன்றாட்டாக மாறியது. கோட்டயம் வலியபள்ளியிலும் கடமற்றத்திலும் முட்டுச்சிறையிலும் உள்ள கற்சிலுவைகளில் இதே வாசகம் மீண்டும் செதுக்கப்பட்டிருக்கிறது. அவரவர் பெயரைப் பொறிக்காமல் இன்னொருவரின் வேண்டுதலை ஏன் அப்படியே படியெடுத்தார்கள்? எழுத்து விளங்காமல், புனிதமானது என்ற மதிப்பினால் செதுக்கியிருப்பார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. அவ்வாறாயின், தாம் யாருக்காகச் செபிக்கிறோம் என்று அறியாமலே நான்கு ஊர்க் கிறிஸ்தவர்கள் அந்த மனிதருக்காக நூற்றாண்டுகளாகச் செபித்திருக்கிறார்கள்.

மயிலையின் பழங்கற்களைத் தேடித் திரிந்த பெல்ஜிய இயேசு சபைக் குரு ஹோஸ்தன் அடிகளாரையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1921-இலும் 1924-இலும் மயிலையில் தங்கி, ஆயர் இல்லத் தோட்டத்திலும் சந்துபொந்துகளிலும் கிடந்த சிலுவைக் கற்கள், தூண்கள், கல்வெட்டுகள் அனைத்தையும் படமெடுத்துக் குறித்துவைத்தார். அவருடைய ஊகங்கள் சில எல்லை மீறியவை. ஆனால் அவர் கண்டதைக் கண்டபடி படமெடுத்து வைத்ததனால், அவருடைய ஊகத்தை நாம் தள்ளினாலும் சான்று நம் கையில் நிற்கிறது. அந்தப் பெருநூல் 1936-இல், அவர் இறந்த மறு ஆண்டு வெளிவந்தது.

சாந்தோம் பேராலயத்தின் அடியில் கல்லறைக்கு முன் முழந்தாளிடும்போது, இங்கே திருத்தூதர் அடக்கம் செய்யப்பட்டார் என்ற மரபை நான் ஏற்கிறேன். அந்த எலும்பு அவருடையதா என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. பரங்கிமலையில் நிலை வேறு. அங்கே கல் தன் வாயாலேயே ஒருவரின் தந்தை பெயரைச் சொல்லிவிட்டது.

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முன்னதாக, எங்கள் பங்கில் திருப்பலிக் கருத்துகளைக் குறித்துக்கொண்டிருந்த உபதேசியாரிடம் சென்றேன். என் பெற்றோர் பெயர்களைச் சொன்னேன். மறைந்த தமையனார் பெயரைச் சொன்னேன். பிறகு, சகார்புக்தின் மகன் என்றேன்.

"யாருங்க ஐயா அது? நம்ம பங்கா?"

"பரங்கிமலைப் பங்குதான்."

"மகன் பேரு என்ன?"

மூன்று விதமாகச் சொல்கிறார்கள், எது சரியென்று முடிவாகவில்லை என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அடுத்து நின்ற அம்மாள் பொறுமையிழந்துகொண்டிருந்தார். உபதேசியார் பேனாவை எடுத்து, தகப்பன் பெயரை நான் சொல்லச் சொல்ல எழுத்துக்கூட்டி எழுதி, மகனின் பெயருக்கு உரிய இடத்தில் சிறு கோடு ஒன்று போட்டுக்கொண்டார்.